தேய்த்தால், குளிர்ந்தால், வியர்த்தால் எழும்பும் தடிப்பு

தடிப்பும் அரிப்பும் ஆறு வாரத்தைத் தாண்டியும் வந்து வந்து போனால் அது நாள்பட்ட காணாக்கடி. இதில் ஒரு வகை எந்த முகாந்திரமும் இல்லாமல் தானாக எழும்பும். இன்னொரு வகை சொல்லிவைத்தாற்போல் எழும்பும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும், பாவாடை நாடா இறுக்கியதும், ஓடி வியர்த்ததும், வெயிலில் நின்றதும் வரும். அது நேராத நாளில் தோல் சுத்தமாக இருக்கும். இந்த அத்தியாயம் அந்த இரண்டாம் வகைக்காரர்களுக்கானது. இரண்டு வகையும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு.

தூண்டுவது எது என்று பளிச்சென்று தெரிவதால் இந்த வகை எளிது என்று தோன்றும். ஆனால் தெரிந்துவிட்டது என்பதற்காகவே அதைவிட்டு ஓடத் தொடங்குகிறோம். குளிர் ஆகாதவர் மார்கழி முழுக்க வீட்டை விட்டு வருவதில்லை. வியர்வை ஆகாத பையன் கபடியை விடுகிறான், பிறகு மாடிப்படி ஏறுவதையும் விடுகிறான். வட்டம் சுருங்கிக்கொண்டே போகிறது, நோய் மட்டும் அப்படியே இருக்கிறது. எது தூண்டுகிறது என்பது பாதி விவரம்தான். எவ்வளவு தூண்டினால் எழும்புகிறது என்பது மீதி. பனிக்கட்டியா, குழாய்த் தண்ணீரா? பத்து நிமிட நடையா, அரை மணி ஓட்டமா? அந்த எல்லை ஒவ்வொருவருக்கும் வேறு. அதை அளக்க முடியும், மருந்தால் உயர்த்தவும் முடியும். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

தோலுக்குள் நடப்பது

தோலில், சிறு ரத்தக் குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டி, மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் பால் எர்லிஷ் 1878-இல் தன் ஆய்வேட்டில் இவற்றை விவரித்தார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குருணை குருணையாக ஹிஸ்டமின் நிரம்பியிருக்கும். செல் தூண்டப்பட்டால் அது வெளியே கொட்டும். நரம்பு நுனியில் பட்டு அரிக்கும். குழாய்கள் விரிந்து தோல் சிவக்கும். குழாய்ச் சுவர் வழியே நீர் கசிந்து தடிப்பு எழும்பும். 1920-களில் லண்டனில் தாமஸ் லூயிஸ் தோலைக் கீறிப் பார்த்து இந்த வரிசையைப் படிப்படியாக எழுதி வைத்தார். அழுத்திக் கீறினால் நல்ல தோலும் சிவக்கும். உங்கள் தோலில் வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது. பொங்கும் நிலையை ஒட்டி நிற்கும் பால் கொஞ்சம் தீயைக் கூட்டினாலும் வழிவதுபோல, உங்கள் மாஸ்ட் செல்கள் சின்னத் தூண்டலுக்கே கொட்டிவிடுகின்றன.

ஆகவே குளிரோ அழுத்தமோ நோய் அல்ல. அவை நோயை வெளியே காட்டுகின்றன, அவ்வளவுதான். செல்களின் மேல் ஒட்டியிருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளுக்கு இதில் பங்கு உண்டு. அதைப் பிடித்து அகற்றும் ஊசிமருந்து இந்த நோயாளிகளில் பலருக்கு நன்றாக வேலை செய்வது அதற்கு ஒரு சான்று.

கத்தரிக்காயை விடுவதற்கு முன்

தடிப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் சமையலறைதான் விசாரணைக்கு உள்ளாகும். கத்தரிக்காய் போகும். கருவாடு, இறால், முட்டை, தக்காளி என்று ஒவ்வொன்றாகப் போகும். வெறும் மோர்ச் சோறும் இட்லியுமாக மாதக்கணக்கில் சாப்பிட்டு, எடை குறைந்து, அப்படியும் தடிப்போடு வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உணவு ஒவ்வாமை என்றால் குறிப்பிட்ட உணவைத் தின்ற சில நிமிடங்களில், மிஞ்சிப் போனால் இரண்டு மணி நேரத்தில், தின்னும் ஒவ்வொரு முறையும் வரும். தினமும் வந்து போகும் நாள்பட்ட காணாக்கடிக்கு உணவு ஒவ்வாமை காரணமாக இருப்பது மிக அபூர்வம். நூற்றுக்கணக்கான உணவுப் பெயர்களை வரிசையாக அச்சிட்டுத் தரும் விலையுயர்ந்த ரத்தப் பரிசோதனைகளும் இந்த நோய்க்குத் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல மருந்துக்குச் செலவிடுங்கள்.

சாப்பாட்டில் உண்மையிலேயே குழப்பம் தரும் இடம் ஒன்று உண்டு. சூடான ரசம் குடித்ததும் மேலெல்லாம் பொடிப்பொடியாக எழும்பினால் புளியிலோ மிளகிலோ குற்றமில்லை. சூடும் காரமும் உடம்பை வியர்க்க வைத்தன, அதனால் எழும்பியது. அதே ரசத்தை ஆறவைத்து, காரம் குறைத்துக் குடித்துப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால், நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டியது வியர்வைத் தடிப்பைப் பற்றிய பகுதி. அதேபோல ஐஸ்கிரீம் தின்று உதடு வீங்கியவர் பாலைக் குறை சொல்வதற்கு முன் குளிரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கீறினால் கோடு எழும்புவது

தூண்டலால் வரும் காணாக்கடியில் மிகப் பரவலானது இது. டெர்மோகிராபிசம் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். நகத்தால் சொறிந்த இடத்தில் சில நிமிடங்களில் சிவந்த வரி எழும்பும், அதோடு அரிப்பும் வரும். அரிப்பதால் மறுபடி சொறிவோம், மறுபடி வரி வரும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அரிப்பில்லாமல் வெறும் கோடு மட்டும் எழும்பும் தோல் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு உண்டு. அதற்கு வைத்தியம் தேவையில்லை. அரிப்பும் சேர்ந்தால்தான் நோய்.

இவர்களின் நாளைக் கெடுப்பவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். துண்டால் அழுத்தித் துடைப்பது, பாவாடை நாடா, உள்ளாடையின் எலாஸ்டிக், சட்டைக் காலரில் குத்தும் லேபிள், கோரைப்பாய், தோள்பை வார். நாடாவுக்குப் பதில் அகலமான இடுப்புப்பட்டை வைத்துத் தைத்த பாவாடை நல்ல மாற்றம். துடைக்காமல் ஒற்றி எடுங்கள். குளித்து ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். வறண்ட தோல் சும்மாவே அரிக்கும், அரித்தால் கை தானாகப் போகும். கிராமங்களில் காணாக்கடிக்குச் சொரசொரப்பான துணியால் தேய்த்துவிடுவார்கள். இந்த வகைக்காரருக்கு அது நேர் எதிரான வைத்தியம். வெற்றிலையில் மிளகு வைத்து மென்று தின்னக் கொடுப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப் போட வேண்டாம்.

குளிர்

வகைகளில் உயிருக்கு ஆபத்து மிகுந்தது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

குளிர்ந்த காற்று, தண்ணீர், பொருள் எது பட்டாலும் பட்ட இடம் தடிக்கும். குளிர்ச்சியில் இருக்கும்போதைவிட, தோல் மறுபடி சூடாகத் தொடங்கும் நேரத்தில் பலருக்கு அதிகமாக எழும்பும். நம் ஊர் வெப்ப பூமி, இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். மே மாதத்து மதுரையில்கூட, தலை நனையக் குளித்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் நின்றால், ஈரம் ஆவியாகும்போது தோல் வெகுவாகக் குளிரும். குளிர்சாதனப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை, மழையில் இருசக்கர வாகனம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர்ப் பாட்டில், மீன் கடையில் பனிக்கட்டியில் கை வைக்கும் வேலை எல்லாம் இதில் சேரும்.

பெரிய ஆபத்து முழு உடம்பும் ஒரே நேரத்தில் குளிரும்போது வருகிறது. கிணற்றில் குதிப்பது, நீச்சல் குளம், கடல், சாரல் காலத்துக் குற்றாலம். பரந்த தோல் முழுக்க ஒரே சமயத்தில் ஹிஸ்டமினைக் கொட்டினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். தண்ணீருக்குள் மயங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர்த் தடிப்பு இருக்கும் யாரும் தனியாக நீந்தக் கூடாது. கட்டுப்பாடு நன்றாக வந்தபின், மருத்துவர் சரி என்றபின், விவரம் தெரிந்த ஒருவர் கரையில் இருக்க, முதலில் ஒரு கையை மட்டும் ஐந்து நிமிடம் நனைத்துப் பார்த்து, கையை எடுத்துப் பத்து நிமிடம் பொறுத்து, ஒன்றும் எழும்பாவிட்டால்தான் மெல்ல இறங்கலாம். குதிப்பது எப்போதுமே வேண்டாம்.

இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது. அறுவை சிகிச்சை எந்த உறுப்பில் நடந்தாலும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுவை அரங்கு குளிராக இருக்கும், நரம்பில் ஏற்றும் திரவமும் குளிர்ந்திருக்கலாம். சொல்லிவிட்டால் திரவத்தைச் சூடாக்கி ஏற்றுவார்கள், போர்த்தியும் வைப்பார்கள்.

வியர்வையும் உடற்சூடும்

பெரும்பாலும் பதின்பருவத்திலும் இருபதுகளிலும் வருவது இது. உடம்பின் உட்சூடு ஏறியதும் மார்பிலும் முதுகிலும் கைகளிலும் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று இருக்கும். பிறகு ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அளவில் பொடித் தடிப்புகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு. ஓட்டம், வெந்நீர்க் குளியல், காரமான சூடான உணவு, கோபம், மேடையேறும் பதற்றம் எல்லாமே தூண்டும். 1924-இல் டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த வகையைத் தனியாக விவரித்தார்.

வியர்க்குருவோடு இதைக் குழப்பிக்கொள்வது நம் ஊரில் மிகச் சாதாரணம். அதனால் வருடக்கணக்கில் பவுடர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். வேறுபாடு எளிது. வியர்க்குரு வந்தால் நாள் கணக்கில் இருக்கும். இது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கி, தோல் பழையபடி ஆகிவிடும். எழும்பியதும் கைபேசியில் படமெடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி எடுங்கள். இரண்டு படங்களையும் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஒருமுறை நன்றாக எழும்பி அடங்கினால், சிலருக்கு அதன்பின் 24 மணி நேரம் வரை மறுபடி எழும்பாது. இதைப் பயன்படுத்தி, தினமும் அளவாக வியர்க்கும்வரை உடற்பயிற்சி செய்து எல்லையை மெல்ல உயர்த்திக்கொள்பவர்கள் உண்டு. வியர்ப்பதை அடியோடு நிறுத்தியவருக்குப் பனிக்காலத்தில் தொல்லை கூடுவதையும் பார்க்கலாம். எனவே ஒதுங்குவதைவிட, மருந்தின் துணையோடு படிப்படியாக நடை, வேக நடை, ஓட்டம் என்று போவதே நல்லது. உடம்பில் வியர்வையே சரியாகச் சுரக்காதவர்களும் இந்த நோயாளிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெப்ப மயக்கம் வரும் ஆபத்து உண்டு. அதைத் தோல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டத்தின்போது பெரிய பெரிய தடிப்புகள், மூச்சு முட்டல், வயிற்று வலி, மயக்கம் என்று வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். பரோட்டாவோ சப்பாத்தியோ தின்றுவிட்டு ஓடினால் மட்டும், அல்லது இறால் தின்றுவிட்டு விளையாடினால் மட்டும் இப்படி ஆகிறவர்கள் உண்டு. வெந்நீரில் குளித்தால் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இந்தச் சந்தேகம் இருந்தால், பரிசோதனை முடியும்வரை சாப்பிட்டதற்கும் விளையாட்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

தாமதமாக வரும் அழுத்தத் தடிப்பு

மற்றவை நிமிடங்களில் வரும். இது நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து வரும். அதனால்தான் காரணத்தை யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. காலையில் ஏணியில் நின்று வெள்ளையடித்தவருக்குச் சாயந்தரம் உள்ளங்கால் வீங்கும். பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வந்தவருக்கு இரவில் உள்ளங்கை கனக்கும். மூட்டை தூக்குபவரின் தோள், குடம் சுமக்கும் இடுப்பு, மரப்பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்தவரின் பிட்டம் எல்லாம் இதற்கு இலக்கு. ஆழமான வீக்கம், அரிப்பைவிட வலியும் எரிச்சலும் மிகுதி, 72 மணி நேரம் வரைகூட நீடிக்கும். காய்ச்சல்போல் உடம்பு வலியும் சேரும்.

வலிக்கிறதே என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவற்றைப் போட்டுக்கொண்டால் காணாக்கடி இன்னும் கூடலாம். பாரசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. அழுத்தத்தைப் பரப்புவதுதான் இவர்களுக்கான சூத்திரம். ஒடுங்கிய பை வாருக்குப் பதில் அகன்ற வார், கடினச் செருப்புக்குப் பதில் மெத்தென்ற அடி, கைப்பிடியைச் சுற்றித் துணி. உடலுழைப்பையே நம்பி இருப்பவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. இவரை ‘வேலையை மாற்றிக்கொள்’ என்று அனுப்பிவிடுவது மருத்துவம் ஆகாது. அடுத்தகட்ட மருந்துக்குச் சீக்கிரம் நகர்த்த வேண்டும்.

அபூர்வமானவை

வெயில் தடிப்பு, வெயில் பட்ட சில நிமிடங்களில் வந்து நிழலுக்கு வந்ததும் அடங்கத் தொடங்கும். தினமும் வெயில் காணும் முகத்தைவிட, எப்போதும் மூடியிருந்து அன்று திறந்த இடத்தில் அதிகம் வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியே தூண்டுபவருக்கு வழக்கமான சன்ஸ்கிரீன் போதாது, துணிதான் காப்பு. வெயில் பட்டுச் சில மணி நேரம் கழித்து எழும்பி நாள் கணக்கில் இருந்தால் அது வேறு நோய்.

தண்ணீரே ஆகாத வகை மிக மிக அபூர்வம். தண்ணீர் பட்டால் வருகிறது என்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குளிர்ந்த தண்ணீரின் குளிரோ வெந்நீரின் சூடோதான் காரணம். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குறை சொல்லி வீடு மாறுவதற்கு முன், மூன்று வெவ்வேறு சூட்டில் அதே நீரைக் கையில் ஊற்றிப் பாருங்கள். தடிப்பே இல்லாமல், குளித்ததும் தாங்க முடியாத அரிப்பு மட்டும் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; சில சமயம் அதன் பின்னால் சிவப்பணுக்கள் பெருகும் ரத்த நோய் இருக்கும்.

அதிர்வால் வரும் வகையும் உண்டு. துளையிடும் இயந்திரம், டிராக்டர், நெடுநேர பைக் பயணம் என்று தூண்டும். சில லெபனான் குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதற்கு ஒரு மரபணு மாற்றம் காரணம் என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள்.

இது காணாக்கடிதானா என்று உறுதி செய்ய

எழும்பிய தடிப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். வட்டத்துக்குள் தடிப்பு மறைந்திருந்தால் காணாக்கடி. அழுத்தத் தடிப்பு மட்டும் இதற்கு விலக்கு. ஒரு நாளைக் கடந்தும் அதே இடத்தில் இருந்து, எரிந்து, போகும்போது ரத்தம் கட்டியதுபோல் கறை வைத்துப் போனால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், தோலில் சிறு துண்டெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தடிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால், ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூண்டல் பரிசோதனைகள் எளிமையானவை, செலவும் குறைவு. மெல்லிய பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் பனிக்கட்டியும் போட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைப்பார்கள். எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். மழுங்கிய முனையால் கோடிழுத்துப் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். தோளில் ஏழு கிலோ எடையைப் பட்டையில் தொங்கவிட்டுப் பதினைந்து நிமிடம் வைத்து, ஆறு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். நாடித்துடிப்பைக் கண்காணித்தபடி சைக்கிள் மிதிக்கவைப்பார்கள். சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், இல்லையென்றால் தோல் பொய் சொல்லும். மருத்துவரிடம் எல்லையையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்: எத்தனை நிமிடப் பனிக்கட்டியில் எழும்பியது, எத்தனையாவது நிமிட ஓட்டத்தில் எழும்பியது. ஏற்கனவே ஒருமுறை மயங்கியவர், மூச்சுத் திணறியவர் இவற்றில் எதையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

மாத்திரை

“அண்ணே, அரிப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க” என்று மருந்துக்கடையில் கேட்டு, எழும்பும்போது ஒன்று போட்டுக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் வைத்தியம். எழும்பியபின் போடும் மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் தடிப்பு தானாகவே அடங்கியிருக்கும். ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை மாத்திரை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால்தான் பலன். எனவே தினமும், தடிப்பு வராத நாளிலும், ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும்.

எந்த மாத்திரை என்பதும் முக்கியம். அவில், குளோர்ஃபெனிரமின், ஹைட்ராக்சிசின் ஆகியவை பழைய தலைமுறை. மூளைக்குள் புகுந்து தூக்கத்தை வரவைக்கும். அது நல்ல தூக்கமும் அல்ல, மறுநாளும் மந்தம் தொடரும். பள்ளி செல்லும் பிள்ளைக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் இவற்றை மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது. இன்று உலகெங்கும் முதலில் கொடுக்கச் சொல்வது இரண்டாம் தலைமுறை மருந்துகளை: செடிரிசின், லெவோசெடிரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின், எபாஸ்டின், ருபடடின். இவற்றில் செடிரிசினும் லெவோசெடிரிசினும் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் தரலாம்; சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஃபெக்ஸோஃபெனடினையும் பிலாஸ்டினையும் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, வெறும் தண்ணீர் போதும். பிலாஸ்டினை வெறும் வயிற்றில் போட வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்ட பிறகே எதையும் சாப்பிட வேண்டும். லோராடடினும் செடிரிசினும்தான் அவர்களுக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை.

ஒரு மாத்திரையில் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கட்டுப்படாவிட்டால் மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். சர்வதேச வழிகாட்டுதல்கள் அதே மருந்தின் அளவை நான்கு மடங்கு வரை உயர்த்தலாம் என்கின்றன. இதை மருத்துவர்தான் செய்ய வேண்டும், நீங்களாகக் கூட்டக் கூடாது. வெவ்வேறு பெயர்களில் மூன்று நான்கு மாத்திரைகளைக் கலந்து போடுவதைவிட ஒரே மருந்தை உயர்த்துவது நல்லது. அதற்கும் அடங்காதவருக்கு ஓமலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது. முன்னே சொன்ன ஐஜிஇ-யைப் பிடிப்பது இதுதான். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், தோலுக்கடியில் போடுவார்கள். தானாக எழும்பும் வகைக்கு 2014-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. தூண்டலால் எழும்பும் வகைக்கும் நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். விலை அதிகம், அதை மறைக்க முடியாது. காப்பீட்டில் வருமா என்று முன்பே விசாரியுங்கள். அதன்பின் சைக்ளோஸ்போரின் இருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்தபடி கொடுப்பார்கள்.

ஸ்டீராய்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரு ஊசி போட்டதும் தோல் பளிங்காகிவிடும், அதனால் அடுத்த முறையும் அதையே கேட்டுப் போகிறோம். கடும் வெடிப்பு ஒன்றை அடக்க, மிஞ்சினால் பத்து நாள், மருத்துவர் கொடுப்பது வேறு. மாதாமாதம் ஊசி, தினமும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை என்று ஓட்டுவது வேறு. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் ஊதும், கண்ணில் புரை விழும். நிறுத்தியதும் காணாக்கடி திரும்ப வந்து நிற்கும். உங்கள் சீட்டில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்க் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து அடையாளம்

தடிப்போடு குரல் கம்முதல், நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், கண் இருட்டுதல், தொடர் வாந்தி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாது. இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவது. தூண்டும் பொருளிலிருந்து விலக்கி, படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரவிடலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 அழைத்து, ‘ஒவ்வாமையில் மயக்கம்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருமுறை இப்படி ஆனவருக்கு அட்ரினலினைக் கையோடு வைத்திருக்க மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பேனா வடிவத் தானியங்கி ஊசி நம் ஊரில் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. எனவே எது கிடைக்கும், வீட்டில் யார் போடுவது, எவ்வளவு என்பதை மருத்துவமனையிலேயே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

குறிப்பேடும் மதிப்பெண்ணும்

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எழும்பிய நேரம், அதற்குமுன் செய்த வேலை, எவ்வளவு நேரம் செய்தது, எத்தனை நிமிடத்தில் அடங்கியது, அன்று மாத்திரை போட்டாயிற்றா. எதுவும் வராத நாளையும் எழுத வேண்டும். ‘குளிரூட்டிய அறையில் இரண்டு மணி நேரம், ஒன்றும் இல்லை’ என்ற வரி, தடிப்பு வந்த நாளின் வரியைவிட உங்கள் எல்லையைத் தெளிவாகச் சொல்லும். யூசிடி என்ற நான்கு கேள்வித் தேர்வு ஒன்றையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கடந்த நான்கு வாரத்தை வைத்து நீங்களே மதிப்பெண் போடுவது. 16 என்றால் முழுக் கட்டுப்பாடு, 12-க்குக் கீழே என்றால் மருந்து போதவில்லை. ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு எண்ணாகச் சொல்வது நல்லது. குளிரைத் தவிர்த்ததால் தடிப்பு வரவில்லை என்றால் அதைக் கட்டுப்பாடு என்று சொல்லிவிடாதீர்கள், தவிர்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு இந்த நோய் என்றால், உடற்கல்வி ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இது தொற்றாது, எது தூண்டும், எது நேர்ந்தால் 108 அழைக்க வேண்டும் என்று மூன்றே செய்தி. விளையாட்டிலிருந்து நிரந்தரமாக விலக்கு கேட்காதீர்கள். ஓய்வெடுத்து ஆட அனுமதி கேளுங்கள்.

எப்போது நிறுத்துவது

இந்த நோய் பெரும்பாலும் சில ஆண்டுகள் இருந்து தானாகவே விலகும். விலகிவிட்டதா என்று மாத்திரை சாப்பிடும்போது தெரியாது. முழுக் கட்டுப்பாடு வந்து மூன்று முதல் ஆறு மாதம் ஆனபின் மருத்துவரோடு பேசி, கூட்டிய அளவை மாதத்துக்கு ஒரு மாத்திரை வீதம் குறைத்து வாருங்கள். கடைசி ஒன்றையும் நிறுத்தியபின் மறுபடி தூண்டல் பரிசோதனை செய்து, முன்பிருந்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். குறைக்கும் மாதத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். குளிர்த் தடிப்புக்காரர் மார்கழியிலோ சாரல் காலத்திலோ நிறுத்த வேண்டாம். வியர்வைத் தடிப்புக்காரர் விளையாட்டுப் போட்டிக்கோ பொதுத் தேர்வுக்கோ முந்தைய மாதத்தில் நிறுத்த வேண்டாம். நிறுத்திய பிறகு தடிப்பு திரும்பினால், கடைசியாகக் கட்டுப்பட்டிருந்த அளவுக்கே திரும்பிப் போய், இன்னொரு மூன்று மாதம் கழித்து மறுபடி குறைத்துப் பாருங்கள்.